சேலத்து மண்ணுக்கு யாருடைய அளவுகோல்?

சேலம் நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், மாமாங்கம், கருப்பூர், செட்டிச்சாவடி, வெள்ளக்கல்பட்டி என்று விரியும் வெள்ளைக்கல் பூமியில் ஒருவர் மனை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீடு கட்டும் முன் அந்த மண்ணில் கொஞ்சம் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார். வந்த தாளில் குரோமியமும் நிக்கலும் கிலோ மண்ணுக்குப் பல நூறு மில்லிகிராம் என்று இருந்தால் அதில் வியப்பில்லை. ஆயிரத்தைத் தாண்டினாலும் வியப்பில்லை. பதறிப்போய் இணையத்தில் தேடினால் கனடாவின் அட்டவணை கிடைக்கும். அதன்படி குடியிருப்பு நிலத்தில் மொத்தக் குரோமியத்துக்கான வழிகாட்டி அளவு 64 மில்லிகிராம். நெதர்லாந்து அட்டவணையில் நிக்கல் 100-ஐத் தாண்டினாலே அரசு தலையிட வேண்டிய நிலம். அந்தக் கணக்கில் பார்த்தால் சேலத்தின் வடபாதி மனிதர் வாழத் தகாத பூமி என்று ஆகிவிடும்.

இத்தனைக்கும் அந்த மனையில் எந்த ஆலையும் இருந்திருக்க வேண்டியதில்லை. நாம் வெள்ளைக்கல் என்று சொல்வது மேக்னசைட். அது, டியூனைட் போன்ற மேக்னீசியம் மிகுந்த பாறைகள் கரியமில வாயு கலந்த நீரால் சிதைந்து உருவானது. பூமியின் ஆழத்தில் பிறந்த அந்தப் பாறைகளோடு குரோமியமும் நிக்கலும் கூடவே வருகின்றன. கருப்பூர்ப் பக்கம் குரோமைட் என்ற குரோமியத் தாதுவே உண்டு. அதை வெட்டியும் எடுத்திருக்கிறார்கள். உலகின் பெரும்பாலான மண்ணில் குரோமியம் நூறு மில்லிகிராமுக்குள் அடங்கிவிடும் என்றால், இத்தகைய பாறைகள் கரைந்து உண்டான மண்ணில் அது பத்து மடங்கு இருப்பது உலகெங்கும் கண்ட இயல்பு.

இதே நிலப்பரப்பில்தான் நூறாண்டுக்கு மேலாகச் சுரங்கம் வெட்டி, கழிவுக் கல்லைக் கரடுகளாகக் குவித்து, சூளைகளில் கல்லைச் சுட்டு, உலைச் செங்கல் செய்து வந்திருக்கிறோம். ஆகவே இரண்டு கேள்விகள் ஒரே எண்ணுக்குள் புதைந்து கிடக்கின்றன. இதில் மலை தந்தது எவ்வளவு, மனிதன் சேர்த்தது எவ்வளவு? சேர்ந்த இரண்டில் எது உடலுக்குள் போகும்? அயல்நாட்டு அட்டவணை எதுவும் இந்த இரண்டுக்கும் பதில் சொல்லாது. அதைச் செய்யும் என்று அதை வகுத்தவர்களும் எங்கேயும் சொல்லவில்லை.

மத்திய அரசு 2025 ஜூலை 24 அன்று மாசடைந்த இடங்கள் மேலாண்மை விதிகளை அறிவித்த பிறகு இது வெறும் புவியியல் வகுப்பறைக் கேள்வியாக இல்லை. இனி ஓர் இடத்தை மாசடைந்தது என்று அறிவிப்பதற்கும், இல்லை என்று கோப்பை மூடுவதற்கும் எண்கள்தான் முதல் சாட்சி. அந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன, உலகில் அவற்றைப் பற்றி என்ன சண்டை நடந்திருக்கிறது என்பதைச் சேலத்துக்காரர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

கணக்குக்குள் இருக்கும் குழந்தை

முதற்சோதனை அளவு என்பது, ஒரு நிலத்தின் மண்ணில் ஒரு நச்சுப்பொருள் எவ்வளவுக்குக் கீழே இருந்தால் மேற்கொண்டு ஆராயாமல் விடலாம் என்பதற்கான கோடு. முகாமில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்ப்பதைப் போன்றது அது. கூடுதலாகக் காட்டினால் முறையான பரிசோதனைக்குப் போக வேண்டும். அந்தத் துளி ரத்தத்தை வைத்து யாரும் இன்சுலின் எழுதித் தருவதில்லை. மண் விஷயத்தில் மட்டும் அந்த ஒரு துளியை வைத்தே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். கோட்டைத் தாண்டினால் ‘விஷ பூமி’, தாண்டாவிட்டால் ‘பாதுகாப்பானது’.

கோட்டைப் போடுவதற்கு முன் ஒரு மனிதரைக் கற்பனை செய்ய வேண்டும். பிரிட்டனின் கணக்கில் குடியிருப்பு நிலத்துக்கு அவர் பிறப்பு முதல் ஆறு வயது வரையுள்ள பெண் குழந்தை. வீட்டுத் தோட்டத்தில் விளையாடுகிறாள், கையில் ஒட்டிய மண் வாய்க்குள் போகிறது, தூசியைச் சுவாசிக்கிறாள், தோட்டத்துக் காய்கறியைச் சாப்பிடுகிறாள். ஒரு நாளில் எத்தனை மில்லிகிராம் மண் வயிற்றுக்குள் போகும் என்பதற்கு ஒரு மதிப்பு வைக்கிறார்கள். அமெரிக்கக் கணக்கில் சிறு குழந்தைக்கு அது நாளுக்கு 200 மில்லிகிராம். உடல் எடை 15 கிலோ. ஆண்டுக்கு 350 நாட்கள். பிறகு நச்சியல் அறிஞர்கள், நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு போனால் கவலையில்லை என்று ஓர் அளவைத் தருவார்கள். இரண்டையும் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் மண்ணுக்கான எண் வந்துவிடும்.

இதில் ஒவ்வொரு படியும் யாரோ எடுத்த முடிவு. காய்கறி உண்பாளா மாட்டாளா என்ற ஒரே கேள்வி எண்ணைப் பல மடங்கு மாற்றும். பிரிட்டனின் அளவுகளில் காட்மியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக் காய்கறி உண்ணும் குடியிருப்புக்கு 22 மில்லிகிராம். உண்ணாத குடியிருப்புக்கு 150. காய்கறிப் பாத்தி நிலத்துக்கு 3.9, வணிக நிலத்துக்கு 410. உலோகம் ஒன்று, மண் ஒன்று. மாறியது, அந்த மண்ணோடு மனிதர் நடத்தும் வாழ்க்கை.

இப்போது அந்தக் குழந்தையைச் சிவதாபுரத்துக்கோ பனங்காட்டுக்கோ கொண்டுவந்து பாருங்கள். அங்கே பல வீடுகளில் முன்கட்டு வெள்ளிப் பட்டறை, பின்கட்டு அடுப்படி. கொலுசுக்குப் பொடி வைத்து ஊதுகிற இடத்துக்கு நாலடி தள்ளிக் குழந்தை தவழ்கிறது. நகைப் பற்றவைப்பில் காட்மியம் சேர்ப்பது நெடுநாள் வழக்கம், கே.டி.எம். என்ற பெயரை அறியாத தமிழ் வீடு இல்லை. அந்த வீட்டின் முற்றத்து மண்ணுக்கு 22-ஐ வைப்பதா, 410-ஐ வைப்பதா? பிரிட்டனின் வகைப்பாட்டில் வீடு ஒரு கட்டம், தொழிற்கூடம் இன்னொரு கட்டம். நம் ஊரில் அவை ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கொல்லையில் முருங்கையும் கீரையும் வேறு. வெறுங்காலில் நடப்பது, வாசலில் உட்கார்ந்து பூ கட்டுவது, கருவுற்ற பெண்களில் சிலர் ஆசைப்பட்டு மண்ணோ சாம்பலோ தின்பது — இவை எதுவும் லண்டனில் எழுதிய கணக்கில் இல்லை. இருக்க வேண்டும் என்று அவர்களைக் கேட்கவும் முடியாது. கேட்க வேண்டியது நம்மிடம்.

பிரிட்டனில் நடந்த சண்டை

இந்த விவாதத்தை மிக வெளிப்படையாக நடத்திய நாடு பிரிட்டன் என்பதால் அங்கே சற்று நின்று பார்ப்போம். அங்கே மாசடைந்த நிலத்துக்கான சட்டம் 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் ‘பகுதி 2ஏ’. இங்கிலாந்தில் அது நடைமுறைக்கு வந்தது 2000 ஏப்ரலில். ஊராட்சி அமைப்பு தன் எல்லைக்குள் பழைய ஆலை நிலங்களைத் தேடி, ‘கணிசமான தீங்கு நேரக் கணிசமான வாய்ப்பு’ இருந்தால் மாசடைந்தது என்று அறிவிக்க வேண்டும். ‘கணிசம்’ என்றால் எவ்வளவு? சட்டம் சொல்லவில்லை. சொல்லாத இடத்தில் எண்கள் வந்து உட்கார்ந்தன.

2002 முதல் அரசு வெளியிட்ட வழிகாட்டி அளவுகள் மிக எச்சரிக்கையானவை. அபாயம் ‘மிகக் குறைந்தபட்சம்’ என்ற நிலைக்குக் கணக்கிட்டவை. அவற்றைத் தாண்டினால் ஆபத்து என்று பொருளில்லை; ஆராயத் தொடங்கு என்றுதான் பொருள். ஆனால் அலுவலர்களுக்கு அச்சம், ஆலோசகர்களுக்கு வழக்குப் பயம், வங்கிகளுக்குக் கடன் பயம். ஆகவே அந்த எண்ணையே எல்லாரும் எல்லையாகக் கொண்டார்கள். தேவையற்ற இடங்களிலும் மண்ணைத் தோண்டி லாரியில் ஏற்றி வேறிடத்தில் கொட்டினார்கள். இன்னொரு பக்கம், தன் வீட்டு மண் கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று தெரிந்தும் அரசு முடிவு சொல்லாமல் இழுத்ததால் வீட்டை விற்கவும் முடியாமல் நிம்மதியாக இருக்கவும் முடியாமல் தவித்த குடும்பங்கள் இருந்தன.

2012-ல் சட்ட வழிகாட்டுதலைத் திருத்தி நிலங்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். முதல் வகை, ஐயமின்றி ஆபத்தானது. நான்காம் வகை, ஐயமின்றிக் கவலையற்றது. நடுவில் இரண்டும் மூன்றும் முடிவெடுக்க வேண்டியவை. நான்காம் வகைக்குள் ஒரு நிலம் அடங்கும் என்று விரைவாகச் சொல்லப் புதிய முதற்சோதனை அளவுகளை வகுத்தார்கள். ஆர்சனிக், பென்சீன், பென்சோபைரீன், காட்மியம், குரோமியம்-6 (குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவம்), காரீயம் ஆகிய ஆறு பொருள்களுக்கு 2013 இறுதியில் ஆய்வறிக்கை வந்தது. 2014-ல் அரசு அவற்றை ஏற்றது. இவை ‘மிகக் குறைந்தபட்ச அபாயம்’ என்பதற்குப் பதிலாகக் ‘குறைந்த அபாயம்’ என்ற நிலைக்குக் கணக்கிட்டவை.

எதிர்ப்பு அங்கேதான் வெடித்தது. ‘மிகக் குறைந்தபட்சம்’ என்பதிலிருந்து ‘குறைந்த’ என்பதற்குத் தளர்ந்தது அறிவியல் முடிவா, வீடு கட்டுவோரின் செலவைக் குறைக்கும் முடிவா என்று பொதுநலத் துறையில் இருப்பவர்கள் கேட்டார்கள். ஏற்கெனவே மக்கள் குடியிருக்கும் பழைய நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும்போது ‘குறைந்த அபாயம்’ போதும் என்று ஏற்கலாம்; தோண்டி எடுப்பதே கூடுதல் தொல்லை ஆகக்கூடும். புதிதாக வீடு கட்டி விற்கிற நிலத்துக்கும் அதே தளர்வு ஏன்? திட்ட அனுமதிக்கும் இந்த எண்களைப் பயன்படுத்தலாம் என்று அரசு சொன்னபோது பலர் ஏற்கவில்லை. வல்லுநர் அமைப்புகள் பழைய எச்சரிக்கை நிலையிலேயே நீண்ட பட்டியலுக்குத் தனி அளவுகளை வெளியிட்டன. இன்றும் அங்கே இரண்டு தொகுதிகள் புழக்கத்தில் இருக்கின்றன. எதை வைத்து ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே அந்த ஆலோசகர் யாருக்காக எழுதினார் என்று ஊகிக்க முடியும் என்பது என் எண்ணம்.

எல்லா எண்களுமே தளர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். காட்மியம் 10-லிருந்து 22 ஆனது, ஆர்சனிக் 32-லிருந்து 37 ஆனது. காரீயமோ 450-லிருந்து 200-க்கு இறங்கியது. காரீயத்துக்குப் பாதுகாப்பான அடிக்கோடு என்று எதுவும் தென்படவில்லை, மிகச் சிறிய அளவே குழந்தைகளின் அறிவுத்திறனைப் பாதிக்கிறது என்று தெரிந்ததும் 2010-ல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த வல்லுநர் குழு பழைய வாராந்திர உட்கொள்ளல் வரம்பைத் திரும்பப் பெற்றது. பழைய 450 நின்ற தரை அத்தோடு போயிற்று. அமெரிக்கா 1994 முதல் வைத்திருந்த 400-ஐ 200 ஆகக் குறைக்க 2024 வரை எடுத்துக்கொண்டது. அந்த முப்பது ஆண்டுகளில் 300 மில்லிகிராம் காரீயம் கலந்த மண்ணில் விளையாடி வளர்ந்த குழந்தையிடம், உன் முற்றம் பாதுகாப்பானது என்று அரசு சொல்லியிருந்தது. எண் மாறும் என்பதை நினைவில் வைக்க எனக்கு இதைவிட வலுவான எடுத்துக்காட்டு தெரியாது.

குரோமியம்-6-ஐப் பார்த்தால் இன்னும் விசித்திரம். பிரிட்டனில் குடியிருப்புக்கு 21 மில்லிகிராம். அமெரிக்க அட்டவணையில் பல ஆண்டுகள் 0.3. எழுபது மடங்கு வேறுபாடு! மூச்சில் போகும் தூசியே முதன்மை ஆபத்து என்றும், வயிற்றுக்குள் போவதற்கு ஒரு பாதுகாப்பான வரம்பு உண்டு என்றும் பிரிட்டன் எடுத்துக்கொண்டது. வயிற்றுக்குள் போகும் ஒவ்வொரு துளிக்கும் புற்றுநோய் வாய்ப்பு உண்டு, பத்து லட்சத்தில் ஒருவருக்கு மேல் அது கூடக்கூடாது என்று அமெரிக்கா எடுத்துக்கொண்டது. இதே முறையில் ஆர்சனிக்குக் கணக்கிட்டால் அமெரிக்க அளவு 0.68 மில்லிகிராம், உலகின் பெரும்பாலான இயற்கை மண்ணே அதைத் தாண்டிவிடும். இயற்கையையே குற்றவாளியாக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அங்கேயும் ஒவ்வோர் இடத்துக்கும் தனியாகப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள்.

கொடைக்கானல் கற்றுத் தந்தது

தமிழ்நாட்டுக்கு இந்த விவாதம் புதிதில்லை. கொடைக்கானலில் ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலை 2001 மார்ச்சில் மூடப்பட்டது. பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக்கடையில் கிடந்ததை மக்கள் கண்டுபிடித்துப் போராடியதன் விளைவு அது. பிறகு எழுந்தது மண்ணை எவ்வளவு சுத்தம் செய்வது என்ற கேள்வி. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் என்பது இலக்காயிற்று. லண்டனில் தலைமையகம் கொண்ட தாய் நிறுவனம் தன் நாட்டில் இப்படிச் செய்யுமா, அங்கே அளவு 1 மில்லிகிராம் அல்லவா என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள்.

பிரிட்டனின் 2009 வழிகாட்டியைப் புரட்டினால், குடியிருப்புக்கு உலோகநிலைப் பாதரசம் 1, மெத்தில் பாதரசம் 11, கனிமச் சேர்மப் பாதரசம் 170 என்று மூன்று எண்கள் இருக்கின்றன. ஒரே ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரு தரப்பும் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்காட்ட முடியும். மண்ணில் பாதரசம் எந்த வடிவில் இருக்கிறது, காலப்போக்கில் எந்த வடிவுக்கு மாறும் என்று தெரிந்தால்தான் எந்த எண் பொருந்தும் என்று சொல்ல முடியும். அதைவிடப் பெரிய கேள்வி இன்னொன்று: அந்த ஆலை நின்றது பாம்பார் சோலைக்கு மேலே உள்ள மேட்டில். ஆறு வயதுக் குழந்தையை மனதில் வைத்துப் போட்ட கணக்கு, சரிவில் வழிந்து ஓடையில் கலந்து மீனுக்குள் போகும் பாதரசத்துக்குப் பொருந்தாது. அந்த இடத்தில் போராடியவர்களின் கேள்விதான் சரியான கேள்வி என்று நான் கருதுகிறேன்.

ஏற்காட்டிலும் இதே கேள்வி வேறு வடிவில் காத்திருக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பி இலைத்துரு நோய்க்குத் தாமிர உப்பான மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பது தோட்டங்களின் வழக்கம். தாமிரம் மக்கிப் போகாது. ஆண்டுதோறும் மேல்மண்ணில் படிந்துகொண்டே இருக்கும். தாமிரத்துக்குக் கனடாவின் அளவு 63 மில்லிகிராம். அமெரிக்கக் குடியிருப்பு அளவு 3,100. ஒன்று மண்புழுவையும் நுண்ணுயிரையும் செடியையும் காப்பாற்றப் போட்ட கணக்கு. மற்றொன்று மனிதனை மட்டும் பார்த்த கணக்கு. இடையில் ஏதோ ஓர் எண் வரும் தோட்டத்தை வெட்டி விடுதி கட்டினால், மனிதக் கணக்குப்படி எந்தச் சிக்கலும் இல்லை. மிளகும் ஆரஞ்சும் காப்பியும் அங்கேயே தொடர வேண்டுமென்றால் கதை வேறு.

மொத்தக் குரோமியம் என்ற குழப்பம்

அடிவாரத்துக்கு இறங்குவோம். வெள்ளைக்கல் பூமியில் உள்ள குரோமியத்தில் பெரும்பகுதி குரோமியம்-3. குரோமைட் மணிகளுக்குள் பூட்டிவைத்தது போல இருக்கும் அது நீரில் கரைவது அரிது. வயிற்றிலும் எளிதில் உறிஞ்சப்படாது. குரோமியம்-6 அப்படியில்லை. நீரில் எளிதாகக் கரையும், கிணற்றுக்குப் போகும், புற்றுநோய் தரும். ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை ஒன்று விட்டுச்சென்ற லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடும், அதிலிருந்து மழைக்காலத்தில் கசியும் மஞ்சள் நீரும் இந்த இரண்டாம் வகை. ஒரு சேலத்து மனையிலும் ராணிப்பேட்டைக் கழிவிலும் ‘மொத்தக் குரோமியம்’ ஒரே எண்ணாக வந்தால்கூட, அவை இரண்டும் ஒன்றில்லை.

பரிசோதனை முறையே எண்ணை மாற்றிவிடும் என்பதும் பலருக்குத் தெரியாது. எக்ஸ்-கதிர் முறையில் அளந்தால் குரோமைட் மணிக்குள் உள்ள குரோமியம் முழுவதும் எண்ணில் வரும். அமிலத்தில் கரைத்து அளந்தால் குரோமைட் முழுமையாகக் கரையாததால் எண் குறையும். ஒரே மண்ணை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பி இரண்டு விடை பெறலாம். இரண்டும் நேர்மையான விடைகளே.

ஆனால் ‘எல்லாம் இயற்கை’ என்று சொல்லித் தப்பிப்பதை நான் ஏற்கமாட்டேன். மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் குரோமியம்-3 மெல்ல குரோமியம்-6 ஆக மாறக்கூடும். காரத்தன்மையுள்ள நிலத்தடி நீர் அதற்குத் துணைபோகும். மேக்னீசியப் பாறை நீர் காரத்தன்மை உடையது. குரோமைட் பாறையைப் பொடியாக்கிக் குவித்தால் காற்றும் நீரும் படும் பரப்பு பல மடங்கு கூடும். மேக்னசைட்டும் குரோமைட்டும் சேர்த்துச் செய்த உலைச் செங்கல், காரப் பொருள்களோடு உயர் வெப்பத்தில் வெந்த பிறகு, அதில் குரோமியம்-6 உருவாகியிருக்கும் என்பது உலைத் தொழிலில் உலகறிந்த சிக்கல். தேய்ந்த உலைச் செங்கல் எங்கே கொட்டப்படுகிறது, சுரங்கக் கழிவு மண் எந்த மனையை நிரப்பப் போகிறது என்ற கேள்விகளுக்கு ‘மலை தந்தது’ என்பது பதிலாகாது. கிணற்று நீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற இந்தியக் குடிநீர் தரத்துக்கு, அது பாறையிலிருந்து வந்ததா கழிவிலிருந்து வந்ததா என்ற பாகுபாடு கிடையாது. குடிக்கிறவருக்கும் கிடையாது.

விதிகளும் சேலமும்

2025 விதிகளின்படி, மாசடைந்ததாக ஐயப்படும் இடங்களை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பட்டியலிட வேண்டும். மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ அதற்கென அமர்த்தும் வல்லுநர் அமைப்போ 90 நாட்களுக்குள் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். விரிவான ஆய்வுக்கு இன்னும் மூன்று மாதம். மாசு செய்தவர் செலவை ஏற்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் அரசுகள் ஏற்கும். நாட்டில் 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டு, ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்த நிலையில் வந்த விதிகள் இவை. ஓர் இடத்தை இத்தனை நாளுக்குள் சுத்தம் செய்து முடிக்க வேண்டும் என்ற கெடு மட்டும் அவற்றில் இல்லை.

இந்திய முறையிலும் ஆராயத் தொடங்குவதற்கு ஓர் அளவு, நடவடிக்கை எடுப்பதற்கு ஓர் அளவு என்று இரண்டு படிகள் உண்டு. இந்த இரண்டு படி அமைப்பு நல்லது. ஒற்றைக் கோட்டின் கொடுமை அதில் குறையும். எனினும் நாடு முழுவதற்கும் ஒரே எண் என்றால் கங்கைச் சமவெளி வண்டலுக்கும் கருப்பூர் மண்ணுக்கும் ஒரே தராசு ஆகிவிடும்.

சேலத்தை நேரடியாகத் தொடும் இன்னொன்று: சுரங்கப் பணிகளால் வரும் மாசும், குப்பைக் கிடங்குத் திடக்கழிவும் தனிச் சட்டங்கள் இருப்பதால் பொதுவாக இவ்விதிகளுக்கு வெளியே நிற்கின்றன. வெள்ளைக்கல் சுரங்கக் கரடுகளும் செட்டிச்சாவடிக் குப்பைமேடும் அருகருகே உள்ள ஓர் ஊரில் இதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. சுரங்கச் சட்டம் சுரங்க எல்லைக்குள் பேசும். எல்லையைத் தாண்டிக் காற்றில் பறந்து கூரையில் படியும் வெள்ளைத் தூசியைப் பற்றி எந்தச் சட்டத்தின் கீழ் யார் பேசுவது?

இயற்கை அளவு உயர்ந்த ஊர்களைப் பிரிட்டன் எப்படிக் கையாண்டது என்பதில் நமக்கு ஒரு வழி இருக்கிறது. அந்நாட்டுப் புவியியல் ஆய்வகம் 2012-ல் இங்கிலாந்து மண்ணை நிலவியல் வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இயல்பான பின்னணி அளவை வெளியிட்டது. ஆர்சனிக் பெரும்பாலான இடங்களில் 32 வரை இயல்பு. இரும்புக்கல் வட்டாரத்தில் 220 வரை இயல்பு. தாதுப் படிவ வட்டாரத்தில் 290 வரை. இயல்பான அளவுக்குள் இருக்கும் நிலத்தை, வேறு காரணம் இல்லாவிட்டால், மாசடைந்தது என்று அறிவிப்பதில்லை. அதோடு நில்லாமல், அந்த மண்ணிலுள்ள ஆர்சனிக்கில் எவ்வளவு வயிற்றில் கரையும் என்று செயற்கைச் செரிமான நீரில் கலக்கிப் பார்க்கும் பரிசோதனையையும் பயன்படுத்துகிறார்கள். இயற்கை என்பதற்காக மன்னிப்பதும் இல்லை, எண் பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் பதறுவதும் இல்லை.

சேலத்துக்கு இதைச் செய்ய முடியும். இந்தியப் புவியியல் ஆய்வகம் 2001 முதல் நாடு முழுவதும் ஓடைப் படிவுகளைச் சதுரம் சதுரமாக எடுத்து வேதியியல் வரைபடம் தயாரித்து வருகிறது. அது கனிமத் தேடலுக்காகத் தொடங்கியது. முற்றத்து மண்ணின் மேல் பதினைந்து சென்டிமீட்டரைப் பற்றி நேரடியாகச் சொல்லாது. ஆனால் வெள்ளைக்கல் பாறை எங்கே முடிகிறது, அதைச் சுற்றியுள்ள மற்றப் பாறை எங்கே தொடங்குகிறது என்ற எல்லையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதியிலும் சுரங்கமும் ஆலையும் தொடாத இடங்களில் மண் எடுத்துப் பின்னணி அளவை நிறுவலாம். பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் கருப்பூரிலேயே இருக்கின்றன. மாதிரி எடுக்க மாணவர்கள் அதிக தூரம் நடக்க வேண்டியதில்லை. பிறகு செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பட்டறை வீடுகளுக்கும், திருமணிமுத்தாற்றங்கரைச் சாயப்பட்டறை நிலங்களுக்கும், ஏற்காட்டுத் தோட்டங்களுக்கும் அந்தந்த வாழ்க்கைக்கு ஏற்ற கணக்கைப் போடலாம்.

அதுவரை, மாவட்ட நிர்வாகத்தின் பட்டியலில் ஓர் இடம் சேர்ந்தாலும் விடுபட்டாலும், அந்த முடிவுக்கான அறிக்கையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பவர்கள் சில கேள்விகளைக் கேட்கலாம். மொத்தக் குரோமியத்தோடு குரோமியம்-6-ஐத் தனியாக அளந்தார்களா? எந்த முறையில் அளந்தார்கள்? எத்தனை இடங்களில், எவ்வளவு ஆழத்தில் மண் எடுத்தார்கள், அல்லது ஒரே பையா? அருகிலுள்ள கிணற்று நீரைப் பார்த்தார்களா, அது கோடையிலா, மழை ஓய்ந்த பிறகா? ஒப்பிட்ட எண் எந்த நாட்டுடையது, அது யாரைக் காப்பாற்றப் போட்ட கணக்கு? பக்கத்தில் தீண்டப்படாத நிலத்தின் மண்ணை ஒப்பீட்டுக்கு எடுத்தார்களா? இவற்றுக்கு விடையில்லாத அறிக்கை சேலத்து மண்ணைப் பற்றியது என்று ஏற்கத் தேவையில்லை. கிராம சபையிலும் மாமன்றத்திலும் அதைத் திருப்பி அனுப்பக் கோரலாம்.